பயணக் கையேட்டுப் பதிப்பகத்தின் மாதப் போட்டி: எழுதி அனுப்பும் முன் தெரிய வேண்டியவை

கோவை, ஈரோடு, திருப்பூர் பக்கத்துக் கல்லூரி வாட்ஸ்அப் குழுக்களில் அவ்வப்போது ஓர் அறிவிப்பு வந்து விழும். வெளிநாட்டுப் பயணக் கையேட்டுப் பதிப்பகம் ஒன்று தன் மாதச் செய்திமடலில் எழுத்துப் போட்டி அறிவித்திருக்கிறது. 'நீர்', 'எல்லை', 'சந்தை' என்று ஏதாவது ஒரு தலைப்பு. சில நூறு சொற்கள். வென்றால் புத்தகங்களோ ஒரு சிறு தொகையோ கிடைக்கும்.

உடனே கேள்விகள் கிளம்பும். இது உண்மைதானா? புத்தகம் விற்கிற கம்பெனி எதற்காக மாதாமாதம் செய்தி அனுப்புகிறது? ஜெயித்தால் நம் கட்டுரை அவர்களுடைய கையேட்டில் அச்சாகுமா? அனுப்பிவிட்டால் கட்டுரை நம்முடையதா, அவர்களுடையதா?

சுருக்கமான பதில் இது. பெயர் பெற்ற பதிப்பகம் நடத்தும் போட்டி பெரும்பாலும் உண்மையானதுதான். ஆனால் அது ஒரு கொடுக்கல் வாங்கல். பரிசு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் நாம் ஏதோ ஒன்றைக் கொடுக்கிறோம். என்ன கொடுக்கிறோம் என்பது நிபந்தனைகளில் எழுதியிருக்கும். அதை யாரும் படிப்பதில்லை, அவ்வளவுதான். நீண்ட பதிலுக்குக் கையேடு என்ற பொருள் எப்படி உருவாகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

கையேடு ஏன் எப்போதும் பழசாகவே இருக்கிறது

பயணக் கையேடு என்பது ஓர் ஊருக்குப் போகிறவர் கையில் வைத்துக்கொண்டு நடக்க உதவும் புத்தகம். எந்த ரயில், எங்கே தங்கல், எதற்கு எவ்வளவு செலவு, எந்த மாதம் போகக் கூடாது என்பதெல்லாம் அதில் இருக்கும். இந்த வகைக்கு இன்றைய வடிவம் கொடுத்ததில் லண்டனின் ஜான் மர்ரேக்கும் ஜெர்மனியில் கோப்லென்ஸ் நகரத்துக் கார்ல் பெடெக்கருக்கும் பெரிய பங்கு உண்டு. மர்ரேயின் முதல் கைநூல் 1836-இல் வந்தது. 1859-இல் சென்னை, பம்பாய் மாகாணங்களுக்கும் ஒன்று போட்டார்கள்.

அடுத்த அலை 1970-களில் எழுந்தது. லண்டனிலிருந்து தரைவழியாக ஆசியாவைக் கடந்து ஆஸ்திரேலியா போய்ச் சேர்ந்த டோனி, மோரீன் வீலர் தம்பதி 1973-இல் சமையலறை மேசையில் வைத்துத் தயாரித்த சிறு புத்தகத்தில் லோன்லி பிளானட் பிறந்தது. ஹிலாரி, ஜார்ஜ் பிராட் தம்பதி 1974-இல் தென் அமெரிக்காவில் ஆற்றுப் படகில் போய்க்கொண்டே எழுதிய கையேட்டிலிருந்து பிராட் பதிப்பகம் வந்தது. 1982-இல் கிரீஸ் நாட்டுக் கையேட்டோடு மார்க் எல்லிங்ஹாம் ரஃப் கைட்ஸைத் தொடங்கினார். மூன்று கதைகளிலும் முதல் புத்தகத்தை எழுதியவர்கள் பெரிய எழுத்தாளர்கள் கிடையாது. நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதிய இளைஞர்கள். இந்தப் பதிப்பகங்கள் இன்றும் 'புதிய எழுத்தாளர்' தேடுவதற்கு இந்தப் பழக்கம் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

இனி விஷயத்துக்கு வருவோம். எழுதுபவர் ஊர் ஊராகச் சுற்றித் தகவல் சேர்க்க மாதக்கணக்கில் ஆகும். திருத்தி, வரைபடம் போட்டு, அச்சடித்துக் கடைக்கு வர இன்னும் சில மாதம். அடுத்த பதிப்பு வரும்வரை அதே புத்தகம் சில வருடங்கள் விற்கும். ஆகவே வாசகர் கையில் இருப்பது எப்போதுமே கொஞ்சம் பழைய உலகம்தான்.

நம் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வாகனத்தில் போகிறவர்களுக்கு இ-பாஸ் கட்டாயம் ஆனது. 2025 கோடையில் நீலகிரிக்குள் வார நாளில் 6,000 வாகனம், வார இறுதியில் 8,000 வாகனம் என்று உச்சவரம்பும் வந்தது. 2023-இல் அச்சான எந்தக் கையேட்டிலும் இது இருக்க வழியில்லை. அந்தப் புத்தகத்தை நம்பிக் கோவையில் வாடகைக் கார் எடுத்தவர், மேட்டுப்பாளையம் தாண்டிக் கல்லாறு சோதனைச் சாவடியில்தான் செய்தியைத் தெரிந்துகொண்டிருப்பார். இதைவிடச் சின்ன மாற்றங்களும் உண்டு. 2009-இல் திருப்பூர் மாவட்டம் உருவானபோது காங்கயமும் தாராபுரமும் ஈரோட்டிலிருந்தும், உடுமலையும் பல்லடமும் கோவையிலிருந்தும் அங்கே போயின. பழைய பதிப்பை வைத்துக்கொண்டு எழுதுகிறவர்கள் பல வருடம் கழித்தும் காங்கயத்தை ஈரோடு மாவட்டம் என்றே எழுதுவதைப் பார்க்கலாம்.

மாதச் செய்தி எதற்கு

செய்திமடல் இந்த இடைவெளியை நிரப்புகிறது. விசா விதி மாற்றம், புதிதாகத் தொடங்கிய ரயில், மூடிய அருங்காட்சியகம், வெளிவரப் போகும் புத்தகம், ஒரு கழிவு விலை அறிவிப்பு ஆகியவற்றோடு ஒரு போட்டியும் சேர்ந்துகொள்ளும்.

ஆனால் தகவல் தருவது பாதிக் காரணம்தான். மீதிப் பாதி வியாபாரம். அச்சுக் கையேட்டின் சந்தை இணையத்தால் அடிவாங்கிய சந்தை. பிபிசியின் வணிகப் பிரிவு 2007-லும் 2011-லுமாக லோன்லி பிளானட்டை வாங்கச் சுமார் 13 கோடி பவுண்டு செலவழித்தது. 2013-இல் விற்றபோது கிடைத்தது 5.15 கோடி பவுண்டு. 2020-இல் கொரோனா ஊரடங்கு வந்ததும் அதே நிறுவனம் மெல்போர்ன், லண்டன் அலுவலகங்களைப் பெரும்பாலும் மூடியது. பயணமே நின்றுபோன வருடத்தில் பயணக் கையேட்டை யார் வாங்குவார்கள்?

இந்த நிலையில் ஒரு பதிப்பகத்துக்கு மிச்சமிருக்கும் உறுதியான சொத்து, தன்னிடம் விரும்பி மின்னஞ்சல் முகவரி கொடுத்தவர்களின் பட்டியல். சமூக ஊடகத்தில் லட்சம் பேர் பின்தொடர்ந்தாலும், பதிவு யார் கண்ணில் படும் என்பதை அந்தத் தளம்தான் முடிவு செய்கிறது. மின்னஞ்சல் நேராகப் போகும். ஆனால் மாதாமாதம் விளம்பரமே வந்தால் யாராக இருந்தாலும் விலகிவிடுவார்கள். திறந்து பார்க்க ஒரு காரணம் வேண்டும். போட்டி அந்தக் காரணத்தைத் தருகிறது. இந்த மாதம் யார் ஜெயித்தார்கள், அடுத்த தலைப்பு என்ன என்று பார்க்க ஆள் வரும்.

போட்டியால் பதிப்பகத்துக்கு என்ன லாபம்

முன்பெல்லாம் இந்த வேலையை வாசகர் கடிதம் செய்தது. 'நீங்கள் குறிப்பிட்ட விடுதி மூடிவிட்டது, பக்கத்துத் தெருவில் இன்னொன்று இருக்கிறது' என்று பயணிகள் எழுதிப் போடுவார்கள். அடுத்த பதிப்பின் பின்பக்கத்தில் அவர்கள் பெயர் வரும். பயனுள்ள கடிதம் எழுதியவருக்கு ஒரு புத்தகம் இலவசமாகப் போகும். இன்றைய போட்டிகள் அந்த ஏற்பாட்டின் வாரிசு என்று சொல்லலாம். பதிப்பகத்தின் கணக்கு இப்படி ஓடுகிறது:

1. முகவரி. போட்டியில் கலந்துகொள்ளச் செய்திமடலில் சேர வேண்டும் என்ற நிபந்தனை இருந்தால், அனுப்பும் ஒவ்வொருவரும் பட்டியலில் ஒரு பெயர்.

2. எழுத்து. வென்ற கட்டுரை அடுத்த மடலில் வரும். அதற்குத் தனியாக யாருக்கும் சம்பளம் கொடுக்க வேண்டியதில்லை. பரிசுப் புத்தகமும் அவர்களுடைய கிடங்கில் இருப்பதுதான்.

3. ஆள் தேடல். எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. ஓர் இடத்தை நன்றாக அறிந்த, சொன்ன அளவுக்குள் எழுதத் தெரிந்த, கெடு தவறாத ஆள் கிடைப்பது சிரமம். பிராட் போன்ற பதிப்பகங்கள் புதிய பயண எழுத்தாளர்களுக்கென்றே தனிப் போட்டி நடத்தியிருக்கின்றன. மாதப் போட்டி அதன் சின்ன வடிவம். அதில் மூன்று மாதம் நல்ல கட்டுரை அனுப்பியவரின் பெயர் ஆசிரியர் குழுவுக்குப் பழகிவிடும்.

4. கவனிக்கப்படாத ஊர்கள் பற்றிய தகவல். எந்தப் பகுதியிலிருந்து கட்டுரைகள் வருகின்றன, எதைப் படிக்க ஆர்வம் இருக்கிறது என்பதும் பதிப்பகத்துக்குத் தெரிந்துவிடுகிறது.

இதில் எதுவும் தப்பில்லை. ஆனால் 'நம்மை ஊக்கப்படுத்த நடத்துகிறார்கள்' என்று நினைத்துக்கொண்டு உள்ளே போகிறவருக்குத்தான் பின்னால் வருத்தம் வருகிறது.

வென்றால் கையேட்டில் வருமா என்ற கேள்விக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடலாம். பெரும்பாலும் வராது. கையேட்டுக் குறிப்பு வேறு, பயணக் கட்டுரை வேறு. முன்னது தகவல்: 'மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு மலை ரயில் உண்டு, தூரம் 46 கி.மீ., முன்பதிவு அவசியம்.' பின்னது அனுபவம்: பல்சக்கரம் தண்டவாளத்தின் நடுப்பல்லைக் கவ்வி ஏறும்போது பெட்டிக்குள் பேச்சு எப்படி மாறுகிறது என்பது. போட்டி கேட்பது இரண்டாவதை. நம் பக்கத்திலிருந்து போகும் கட்டுரைகளில் பல, முதலாவதாகவே இருந்துவிடுகின்றன. தல வரலாறு, கோபுர உயரம், போகும் வழி, திறந்திருக்கும் நேரம் என்று ஒரு தகவல் பலகை போல முடிந்துவிடும்.

நிபந்தனைகளைப் படிக்கும் விதம்

ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் இருப்பதால் இந்தப் பகுதியைப் பலரும் தாண்டிவிடுகிறார்கள். அடிக்கடி வரும் விஷயங்களும் அவற்றின் பொருளும்:

1. பதிப்புரிமை யாருக்கு. இந்தியாவின் பதிப்புரிமைச் சட்டம் 1957-ஆம் ஆண்டினது. அதன்படி, சம்பளத்துக்கு எழுதியது போன்ற சில விதிவிலக்குகள் தவிர, எழுதியவரே முதல் உரிமையாளர். எழுதி முடித்த நொடியில் உரிமை வந்துவிடுகிறது. பதிவு செய்வது கட்டாயமில்லை. எழுதியவரின் ஆயுள் முழுவதும், அதன்பின் 60 வருடமும் அது நிலைக்கும். பதிப்புரிமைக்கான பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையில் இந்தியாவும் பிரிட்டனும் இருப்பதால், காங்கயத்தில் எழுதியதற்கு லண்டனிலும் பாதுகாப்பு உண்டு.

2. உரிமை மாற்றமா, அனுமதியா. இரண்டும் ஒன்றில்லை. உரிமை மாற்றம் என்றால் தோட்டத்தை எழுதிக் கொடுப்பது. அனுமதி என்றால் குத்தகைக்கு விடுவது. பெரும்பாலான நல்ல போட்டிகள் கேட்பது அனுமதி மட்டுமே. அதிலும் 'தனிப்பட்டதல்லாத அனுமதி' என்றிருந்தால், அவர்கள் வெளியிட்ட பிறகும் நீங்கள் அதே கட்டுரையை வேறிடத்தில் தரலாம். 'அனுப்பும் எல்லாக் கட்டுரைகளின் பதிப்புரிமையும் பதிப்பகத்துக்கே' என்று இருந்தால் நின்று யோசிக்க வேண்டும். ஜெயிக்காத கட்டுரையும் போய்விடும் என்பது அதன் பொருள்.

இந்த இடத்தில் நம் சட்டம் எழுதுபவர் பக்கம் கொஞ்சம் சாய்ந்தே நிற்கிறது. உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும் என்கிறது 19-ஆம் பிரிவு. எத்தனை வருடத்துக்கு என்று குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம்தான். எந்த நிலப்பரப்புக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதபட்சத்தில், உரிமையை வாங்கியவர் ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தாவிட்டால் அது செல்லாமல் போகும். ஆனால் வெளிநாட்டுப் பதிப்பகத்தின் நிபந்தனையில் 'இது இங்கிலாந்துச் சட்டத்துக்கு உட்பட்டது' என்ற வரி சாதாரணமாக இருக்கும். அப்படி இருந்தால் இந்தப் பாதுகாப்புகளைக் காட்டி வாதாடுவது சுலபமில்லை. ஆகவே சட்டம் காப்பாற்றும் என்று விட்டுவிடாமல் நிபந்தனையையே பார்ப்பது நல்லது.

3. எழுதியவர் பெயர். இந்தியச் சட்டத்தின் 57-ஆம் பிரிவின்படி, பதிப்புரிமையை விற்றுவிட்டாலும் 'இதை எழுதியவர் நான்' என்று சொல்லும் உரிமையும், தன் நற்பெயருக்குக் கேடு வரும்படி எழுத்தைச் சிதைத்தால் எதிர்க்கும் உரிமையும் எழுதியவரிடமே இருக்கும். இவற்றைத்தான் தார்மிக உரிமை என்பார்கள். பிரிட்டனில் கொஞ்சம் வேறு. அங்கே பெயர் குறிப்பிடப்படும் உரிமையை எழுதியவர் வெளிப்படையாகக் கோர வேண்டும். கையெழுத்துப் போட்டு விட்டுக்கொடுக்கவும் முடியும். ஆங்கிலப் புத்தகங்களின் உரிமைப் பக்கத்தில் 'ஆசிரியர் தன் தார்மிக உரிமையை நிலைநாட்டியிருக்கிறார்' என்ற வரி வருவது இதனால்தான். போட்டி நிபந்தனையில் தார்மிக உரிமையை விட்டுக்கொடுப்பதாக ஒரு வரி இருந்தால், கட்டுரை உங்கள் பெயர் இல்லாமலும் வெளிவரலாம் என்று புரிந்துகொள்ள வேண்டும்.

4. முன்பு வெளியாகாதது. இதில்தான் நம் ஆட்கள் அதிகம் மாட்டுகிறார்கள். ஃபேஸ்புக்கில் போட்டது, கல்லூரி மலரில் வந்தது, சொந்த வலைப்பூவில் ஏற்றியது ஆகிய எல்லாமே 'வெளியானது' என்று கணக்கில் வரக்கூடும். முதலில் போட்டிக்கு அனுப்பி, முடிவு வந்தபின் ஃபேஸ்புக்கில் போட்டுக்கொள்ளலாம்.

5. பொறுப்பு. கட்டுரையால் யாராவது வழக்குப் போட்டால் எழுதியவரே பொறுப்பு என்று ஒரு வரி இருக்கும். ஒரு விடுதியையோ தனி ஆளையோ பெயர் சொல்லித் திட்டி எழுதும்போது இதை நினைவில் வைக்க வேண்டும்.

6. படம். புகைப்படமும் கேட்டால் அது நீங்களே எடுத்ததாக இருக்க வேண்டும். கோயில் கட்டுரைக்கு இங்கே ஒரு சிக்கல் உண்டு. தமிழ்நாட்டுக் கோயில்களுக்குள் செல்போனுக்குத் தடை விதிக்கச் சொல்லி 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. பேரூரிலோ அவிநாசியிலோ சன்னதிக்குள் எடுத்த படத்தை ஒரு பதிப்பகத்துக்கு அனுப்புவது நமக்கே வினையாகலாம்.

7. செயற்கை நுண்ணறிவு. எழுத்துப் போட்டிகளில் இப்போது இதற்கும் ஒரு வரி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கருவி எழுதிய கட்டுரையைத் தகுதியிழக்கச் செய்யும் போட்டிகள் உண்டு.

வயது வரம்பு, எந்த நாட்டவர் கலந்துகொள்ளலாம், ஒருவர் எத்தனை கட்டுரை அனுப்பலாம் போன்றவை படித்தாலே புரியும்.

கொங்கிலிருந்து எதை எழுதுவது

ஆங்கிலக் கையேடுகளில் கோவை பெரும்பாலும் ஊட்டிக்குப் பேருந்து மாறும் தொழில் நகரம். ஈரோடும் திருப்பூரும் கரூரும் ரயில் ஜன்னலில் கடந்து போகிற பெயர்கள். நமக்கு இதில் மனக்குறை இருக்கலாம். போட்டிக்கு எழுதுகிறவருக்கு இதுவே வசதி. தாஜ்மகாலைப் பற்றியும் காசியைப் பற்றியும் நடுவர்கள் நிறையப் படித்திருப்பார்கள். கொறங்காட்டைப் பற்றி ஒருவர்கூட எழுதியிருக்க மாட்டார்.

காங்கயம், வெள்ளகோவில், தாராபுரம் சுற்றியுள்ள மேய்ச்சல் நிலம்தான் கொறங்காடு. மழை குறைந்த மண். தரையில் கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல மரங்கள், சுற்றிலும் உயிருள்ள கிளுவை முள்வேலி. மூன்றும் சேர்ந்தால்தான் கொறங்காடு. வேலி அடைத்த காட்டுக்குள் மாடுகளை விட்டுவிட்டால் ஆள் கூடவே நிற்கத் தேவையில்லை. காங்கயம் மாடு இந்தப் புல்லில் வளர்ந்த மாடு. அந்த வேலியோரமாக நடந்துபோய், படலைத் திறந்து மாட்டை உள்ளே விடும் ஒரு காலையை எழுதினால், அதில் நிலமும் தொழிலும் வறட்சியும் தானாக வந்துவிடும்.

இன்னும் சில இடங்கள்:

கொடுமணல். சென்னிமலைக்கு அருகே நொய்யல் கரையில் இருக்கிற ஊர். பதிற்றுப்பத்து சொல்லும் கொடுமணம் இதுதான் என்று கருதப்படுகிறது. அகழாய்வில் மணி செய்யும் பட்டறைகள், இரும்பு உருக்கிய தடயங்கள், தமிழ்ப் பிராமி எழுத்துள்ள பானை ஓடுகள் கிடைத்தன. சேரநாட்டுக் கடற்கரையிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கரூருக்குப் போன வணிகப் பாதையில் இருந்த ஊர் அது. பார்க்கப் போகிறவருக்குத் தரைக்கு மேலே பெரிதாக ஒன்றும் தெரியாது. பயணக் கட்டுரைக்கு அது நல்ல சிக்கல்: கண்ணுக்குத் தெரியாத ஊரை எப்படிச் சுற்றிப் பார்ப்பது?

நொய்யல். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாக ஓடிக் கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேர்கிற ஆறு. கீழ்ப்பகுதிப் பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவு தேங்கும் இடமாக மாறியது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. 'நீர்' என்று தலைப்பு வந்தால் பலர் சிறுவாணியின் சுவையை எழுதுவார்கள். நொய்யலை எழுதுகிறவர் தனித்துத் தெரிவார்.

சந்தைகள், விழாக்கள். சித்திரையில் கண்ணபுரம் மாட்டுச் சந்தை, ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் விழாவும் குதிரைச் சந்தையும், வாரந்தோறும் பொள்ளாச்சி மாட்டுச் சந்தை, ஈரோட்டு ஜவுளிச் சந்தை, மஞ்சள் ஏலம். தேதியோடு கட்டிய விஷயம் மாத மடலுக்குப் பொருந்தும். ஆனால் மடல் தயாராவது விழாவுக்குப் பல வாரம் முன்பே. அதனால் போன வருட ஆடியைப் பற்றி இந்த வருடம் வைகாசியிலேயே அனுப்பிவிட வேண்டும்.

சாப்பாட்டில் அரிசியும் பருப்பும் சாதம், சந்தகை, கச்சாயம், ஊத்துக்குளி வெண்ணெய் எல்லாம் இருக்கின்றன. ஒன்றைப் பிடித்துக்கொண்டு எழுதினால் போதும். பட்டியல் போட்டால் மெனு கார்டு ஆகிவிடும்.

எப்படி எழுதுவது என்பதற்கு ஒரு சின்ன ஒப்பீடு. மாட்டுச் சந்தையை ஒருவர் இப்படித் தொடங்கலாம்: 'கொங்கு மண்ணின் பெருமை மிகு காங்கயம் காளைகள் உலகப் புகழ் பெற்றவை. பன்னெடுங்காலமாக இப்பகுதி மக்கள் கால்நடைகளைத் தம் பிள்ளைகளாகவே போற்றி வளர்த்து வருகின்றனர்.'

இன்னொருவர் இப்படி: 'தரகர் தோளில் கிடந்த துண்டை எடுத்து இருவர் கைக்கும் மேலே போட்டார். பேச்சு நின்றது. துண்டு மட்டும் அசைந்தது. மாட்டுக்காரர் இரண்டு முறை தலையை ஆட்டினார். மூன்றாவது முறை கையை உருவிக்கொண்டார். "ஏனுங்க, மாட்டைப் பார்த்துட்டுக் கேளுங்க" என்றார்.'

முதலாவதில் எழுதியவர் சந்தைக்குப் போனதற்கே சாட்சி இல்லை. இரண்டாவதில் விரல் பிடித்து விலை பேசும் வழக்கம் விளக்கம் இல்லாமலே புரிந்துவிடுகிறது. பர்மிங்ஹாமில் உட்கார்ந்து படிக்கும் நடுவருக்கும் புரியும். பெருமை பேசும் வாக்கியங்கள் நம் மேடைப் பேச்சிலிருந்து கட்டுரைக்குள் நுழைபவை. 'தென்னிந்தியாவின் மான்செஸ்டர்' என்ற பட்டமும் அப்படித்தான். மான்செஸ்டர் பக்கத்திலேயே இருப்பவருக்கு அது எதையும் சொல்லாது.

சொல் எண்ணிக்கையில் ஒரு எச்சரிக்கை. வெளிநாட்டுப் போட்டிகள் பெரும்பாலும் ஆங்கிலக் கட்டுரைதான் கேட்கும். தமிழில் நினைத்து 400 சொல்லில் முடிகிற ஒன்று, ஆங்கிலத்தில் 600-ஐ எளிதாகத் தாண்டும். நம் சொல்லில் வேற்றுமை உருபும் இடைச்சொல்லும் ஒட்டிக்கொண்டே வந்துவிடும். அங்கே ஒவ்வொன்றும் தனிச் சொல். வரம்பைத் தாண்டிய கட்டுரையைப் படிக்காமலே தள்ளிவிட நடுவருக்கு உரிமை உண்டு. ஆகவே சொல்ல வந்ததில் ஒரு காட்சியை முதலிலேயே குறைத்துவிடுவது நல்லது.

எழுதுவதால் இடத்துக்கு வரும் விளைவையும் யோசிக்க வேண்டியிருக்கிறது. ஆனைமலைப் பக்கம் பெயர் தெரியாத ஓர் அருவியை வழியோடு எழுதினால், அடுத்த விடுமுறையில் அங்கே பிளாஸ்டிக் சேரும். அது காப்புக்காடாக இருந்தால் அனுமதியில்லாமல் நுழைந்ததே குற்றம். அதைக் கட்டுரையாக எழுதிக் கையெழுத்தும் போட்டு அனுப்புவது நம் வாக்குமூலத்தை நாமே கொடுப்பதாகும். டாப் ஸ்லிப் போன்ற இடங்களில் வனத்துறை அனுமதித்த எல்லைக்குள் பார்த்ததை எழுதினாலே போதுமான பொருள் கிடைக்கும்.

உண்மையானதா, போலியா

போட்டியின் பெயரில் ஏமாற்றுவதும் நடக்கிறது. சரிபார்க்க வேண்டியவை அதிகமில்லை:

1. அறிவிப்பு பதிப்பகத்தின் சொந்த இணையதளத்தில் இருக்கிறதா? வாட்ஸ்அப்பில் வந்த இணைப்பைத் தட்டாமல், பதிப்பகத்தின் பெயரைத் தேடி அங்கே போய்ப் பார்க்க வேண்டும்.

2. நுழைவுக் கட்டணம் உண்டா? கட்டணம் இருப்பதாலேயே போலி என்று சொல்லிவிட முடியாது. பெரிய ஆண்டுப் போட்டிகள் சிலவற்றில் நடுவர் செலவுக்காக வாங்குகிறார்கள். ஆனால் புத்தகப் பரிசு தரும் மாதப் போட்டிக்குக் கட்டணம் கேட்டால், என் கருத்தில், விலகிவிடலாம்.

3. 'நீங்கள் வென்றுவிட்டீர்கள், பரிசை அனுப்பச் செயலாக்கக் கட்டணம் கட்டுங்கள்' என்று வந்தால் அது மோசடி. இதில் இரண்டாவது கருத்துக்கு இடமில்லை.

4. 'தேர்வான எல்லோருடைய கட்டுரையும் தொகுப்பு நூலில் வரும், நூலை நீங்கள் இத்தனை பிரதி வாங்க வேண்டும்' என்பது நடுத்தரமான விஷயம். சட்டவிரோதம் இல்லை. ஆனால் அங்கே எழுத்தாளர்தான் வாடிக்கையாளர். நம் ஊர்ப் பதிப்பகங்கள் சிலவும் இப்படி நடத்துவதால் மாணவர்கள் இதையே போட்டியின் இயல்பு என்று நினைத்துவிடுகிறார்கள்.

பணமும் கெடுவும்

பரிசு பணமாக வந்தால், வெளிநாட்டிலிருந்து வரும் தொகைக்கு வங்கி 'எதற்காக வந்தது' என்று ஒரு காரணக் குறியீடு கேட்கும். பதிப்பகம் அனுப்பிய மின்னஞ்சலை எடுத்து வைத்துக்கொண்டால் போதும். தொகையைப் பெறும் கணக்கு எண்ணைத் தவிர ஓடிபி, கார்டு எண் எதையும் யாருக்கும் தர வேண்டியதில்லை. வருமான வரி விஷயத்தில் உங்கள் ஆடிட்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஐந்து புத்தகப் பரிசுக்கு அந்தக் கவலை எழாது. ஆனால் புத்தகப் பார்சலுக்குச் சுங்க வரி வரலாம், அதை யார் கட்டுவது என்று முன்கூட்டியே கேட்டுவிடலாம்.

அப்புறம் கடைசித் தேதி. 'மாதக் கடைசி நாள் இரவு 11.59' என்று போட்டிருந்தால் அது யாருடைய இரவு என்று பார்க்க வேண்டும். பிரிட்டிஷ் பதிப்பகம் என்றால் குளிர்காலத்தில் நமக்கு மறுநாள் அதிகாலை 5.29 வரை நேரம் இருக்கிறது. மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் நகர்த்தி வைப்பதால், அந்த மாதங்களில் 4.29 வரைதான். பிரிட்டிஷ் போட்டியில் கெடு எந்த நாட்டு நேரம் என்று எழுதாமல் விட்டிருந்தால் நம் ஊர் நேரப்படியே முடித்து அனுப்பிவிடுவது பாதுகாப்பு.